ஒன்பது மார்க் வாங்கிய விளையாட்டு

அந்த அக்கா எனக்கு முதன்முதலில் போட்ட மார்க் பத்துக்கு ஐந்து. நான் கேட்கவில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்கிறவன் இல்லை. திருவிழாவுக்குத் தெருமுனையில் சீரியல் லைட்டில் ஒரு மயில் கட்டியிருந்தேன். சுவிட்சைப் போட்டுவிட்டு, பந்தல் காலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் சொசைட்டியிலிருந்து வந்த அக்கா நடுத்தெருவில் நின்று மயிலைக் கொண்டையிலிருந்து வால் வரைக்கும் பார்த்தார்.

"பத்துக்கு அஞ்சு. தோகை நல்லா விரியுது. கண்ணு எரியலியே? குருட்டு மயிலு யாருக்குபா ஆடுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணுக்கு வேறு பல்பு போட்டேன். அக்கா திரும்பி அந்த வழியாக வந்தபோது அண்ணாந்து பார்த்து, "இப்ப நல்லாருக்குது," என்றார். மார்க்கை மட்டும் ஏற்றவில்லை. "போட்டது போட்டதுதான். அடுத்த வருசம் பாக்கலாம், லைட்டு."

அன்றிலிருந்து அவருக்கு நான் லைட்டு. என் பெயர் அவருக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். இப்போது அவர் மகள் வீட்டோடு திருக்கனூர் பக்கம் போய்விட்டார். எங்கள் தெருவில் அந்த வீடு வாடகைக்கு விட்டிருக்கிறது. நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன். எனக்குத் தெரிந்த மாதிரி அவரைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஏம்பலத்துக்குப் பக்கம். அங்கே பால் சொசைட்டியில் பாலுக்கு டிகிரி பார்க்கிற வேலை அக்காவுக்கு. ஒவ்வொருவர் கேனிலிருந்தும் கொஞ்சம் பாலை மொண்டு, உயரமான ஒரு குவளையில் ஊற்றி, அதில் கண்ணாடி மீட்டரை விடுவார். கெட்டியான பாலில் மீட்டர் தூக்கலாக மிதக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அமுங்கும். அதில் தெரிகிற நம்பரை அக்கா மெதுவாகச் சொல்ல மாட்டார். வரிசையில் கடைசியாக நிற்பவர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொல்வார். "இருவத்தெட்டு!" "இருவத்தொம்போது, நல்ல பாலு!" ஒருநாள் அவருடைய மாமியாரே கேனோடு வந்து நின்றார். அக்கா மீட்டரைப் பார்த்தார்.

"இருவத்திரெண்டு. அத்தே, நேத்து மாட்டு மேல மட்டும் மழ பேஞ்சிதா?"

மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாரே தவிர, கோபித்துக்கொள்ளவில்லை. அக்கா சொன்னால் யாருக்கும் கோபம் வராது. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்று தெரியும்.

சொசைட்டி வேலையால் அந்தப் பழக்கம் வந்ததா, அந்தப் பழக்கம் இருந்ததால் வேலை கிடைத்ததா, எனக்குத் தெரியாது. எதைப் பார்த்தாலும் மார்க் போட்டுவிடுவார். கல்யாணச் சாப்பாட்டில் உட்கார்ந்தால் இலையைச் சுற்றி மார்க் போட்டுக்கொண்டே வருவார்: "ரசம் ஏழு. கூட்டு அஞ்சு. அப்பளம் நமுத்துப்போச்சு, சைபர்." கண்டக்டர் சில்லறை கொடுக்கிற விதத்துக்கு மார்க் உண்டு. ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் வாசலில் நின்று கும்பிட்டபோது, "கும்புடுறதுக்கு எட்டு போடலாம். மீதிய ஜெயிச்சப்புறம் பாக்கலாம் சார்," என்றார். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த எட்டுதான் அதுவரைக்கும் ஊரில் யாரும் வாங்கிய பெரிய மார்க்.

ஊரும் அதை வைத்து நடந்தது. எந்தக் கடையில் தீவனம் வாங்குவது, எந்த டாக்டரிடம் பிள்ளையைக் காட்டுவது, எந்த மேஸ்திரியைக் கூப்பிடுவது என்று முடிவு பண்ணுவதற்கு முன்னால், "அக்கா எத்தினி போட்டுச்சி?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அவருக்கு ஒரு தம்பி. நான் சொல்லப்போவது அவனால் வந்த கதைதான். அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது நானும் வேனில் போயிருந்தேன். காபி கொடுத்துவிட்டு நின்ற பெண்ணிடம் அக்கா எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "எந்தம்பி நல்லா உழைப்பான்மா. குடி கெடையாது. ஆனா எதையாவது ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. கபடி ஆடப்போனா சோத்துக்கு வர மாட்டான். அதுக்கு நீ தயார்னா சரின்னு சொல்லு."

பெரியவர்கள் திகைத்துப்போனார்கள். தம்பி தரையைப் பார்த்தான். அந்தப் பெண் மட்டும் லேசாகச் சிரித்தது. அந்தப் பேச்சுக்காகத்தான் சம்மதித்தேன் என்று பிற்பாடு என் வீட்டுக்காரியிடம் சொன்னதாம். தம்பி குத்தகைக்குக் கரும்பு வைத்தான். இரண்டு கறவை மாடு வைத்திருந்தான். கரும்புப் பணம் வருஷத்துக்கு ஒருமுறை வருவது. வீட்டுச் செலவு முழுக்கப் பாலில்தான் ஓடியது.

அந்த நாளில் டவுனை ஒட்டிய மூலக்குளத்தில் ஒரு மாடியில் புதிதாக ஒரு ஆபீஸ் வந்தது. போனில் ஆடுகிற விளையாட்டுகளை வெளியே விடுவதற்கு முன்னால், சாதாரண ஜனங்களைக் கூப்பிட்டு ஆடச் சொல்லி, எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். எங்கள் தெருவிலிருந்து அக்காவும் சில பெண்களும் மதிய வேளையில் அந்த வேலைக்குப் போய்வந்தார்கள். மற்றவர்கள், "நல்லாருக்குது சார்," என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வருவார்கள். அக்கா விடுவாரா? மிட்டாய் உடைக்கிற விளையாட்டுக்கு நாலு. பஸ் ஓட்டுகிற விளையாட்டுக்கு இரண்டு. "ஒரு குலுக்கல் இல்ல. அது பஸ்ஸா, தொட்டிலா?" என்று கேட்டாராம். அங்கே வேலை பார்த்த பெண்ணுக்கு அக்காவை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

ஒருநாள் சாயங்காலம் சொசைட்டியில் டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தேன். பால் வண்டி வரத் தாமதமாகியிருந்தது. எல்லாரும் கேனோடு நின்றார்கள். அக்கா ஆபீஸில் கொடுத்த போனை எடுத்து, "லைட்டு, எறங்கி வா. இது உன் டிபாட்மென்ட்டு," என்றார்.

திரையில் ஒரு திருவிழா மைதானம், இருட்டாக. ஒரு பல்பு எரிந்தது. பிறகு பக்கத்துப் பல்பு. அப்படியே வரிசையாக ஓடி, பெரிய ராட்டினம் ஒன்று முழுக்க எரிந்து சுற்ற ஆரம்பித்தது. பேண்டு வாத்தியம் அடித்தது. ஒரு கோமாளி வந்து குனிந்து வணக்கம் வைத்தான். அப்புறம் மூன்று கட்டம். பலூன், குதிரை, பஞ்சுமிட்டாய், கோமாளி முகம் என்று படங்கள் அதில் மேலிருந்து கீழே ஓடின. பட்டனைத் தொட்டால் சுற்றும். முதல் கட்டம் சட்டென்று நிற்கும். இரண்டாவதும் நிற்கும். மூன்றாவது மட்டும் தயங்கித் தயங்கி நிற்கும். மூன்றும் ஒரே படமாக வந்துவிட்டால் மைதானம் முழுக்க வாணவேடிக்கை.

"லைட்டு எப்பிடி ஓடுது? சொல்லு."

"எங்கிட்ட இருக்கிற கன்ட்ரோல்ல இந்த ஓட்டம் வராதுக்கா," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். எனக்கு அந்த ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"காசு வெச்சி ஆடுறதாக்கா?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார்.

"வெளிய வுட்டா காசுதான். இதுல அவங்களே ரொப்பி வெச்சிருக்கறாங்க. தீந்தா மறுபடியும் ரொப்பிடுறாங்க."

அக்கா ரொம்ப நேரம் ஆடினார். வாத்தியத்தைக் காதில் வைத்துக் கேட்டார். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்.

"ஒம்போது."

ஒரு பெரியவர் கேனைக் கீழே வைத்தார். "யம்மா, என் மாட்டுப் பாலுக்கு ஒருநாளாவது இப்பிடிச் சொல்லியிருப்பியா?"

"உம்மாட்டுக்குக் கோமாளி இல்லியே பெரியப்பா."

"அப்ப இன்னாத்துக்கு ஒண்ணு கொறச்ச?"

"தோத்தாலும் அந்தக் கோமாளி சிரிக்கிறான். எனக்கு அது புடிக்கல," என்றார் அக்கா. பால் வண்டி வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் விளையாட்டு வெளியே வந்தது. அக்கா ஒன்பது போட்ட விளையாட்டு என்று ஊரில் நிறையப் பேர் போனில் ஏற்றிக்கொண்டார்கள். நானும் ராட்டினம் பார்க்க ஏற்றினேன். பேங்க் கணக்கை இணைக்கச் சொன்னதும் பயந்து எடுத்துவிட்டேன். மற்றவர்களும் கொஞ்சம் ஆடினார்கள், கொஞ்சம் காசு விட்டார்கள், அலுத்துப்போய் நிறுத்தினார்கள். நிறுத்தாதவன் அக்காவின் தம்பி.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. மதியத்தில் கரும்புக் கொல்லை மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்திருப்பான். தண்ணீர் பாய்கிற நேரத்தில் யாரும் அப்படி உட்காருவதுதான். பிறகு, மடை உடைத்துக்கொண்டு பக்கத்துக் கொல்லையில் தண்ணீர் நிற்கிறது என்று சத்தம் வந்தது. தீவனக் கடைக்காரர் பாக்கிக்காக அவனைக் கண்டால் கூப்பிட ஆரம்பித்தார். அவன் காதில் விழாத மாதிரி போவான்.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது. தம்பியின் கேனிலிருந்து மொண்டு அக்கா மீட்டரை விட்டார். எடுத்துத் துடைத்தார். மறுபடியும் விட்டார். அவர் இரண்டாம் முறை பார்த்து நான் கண்டதில்லை.

"இருவது," என்றார். வழக்கமான சத்தத்தில்தான் சொன்னார். "தண்ணி."

"மாடு இன்னிக்கி ஜாஸ்தி தண்ணி குடிச்சிடுச்சிக்கா," என்றான் தம்பி.

"அப்ப எங்க மாடுங்கல்லாம் சீமெண்ணையா குடிக்குது?" என்று யாரோ சொல்ல, வரிசை சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. எங்கள் சொசைட்டியில் ஒரு வழக்கம். ஒருமுறை தண்ணீர் பிடிபட்டால் எச்சரிக்கை. மறுமுறை பிடிபட்டால் அந்த வீட்டுப் பாலை எடுக்க மாட்டார்கள். அதை அவனுக்கும் எல்லாருக்கும் சொல்கிற மாதிரியே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னாடா பண்ற? ரெண்டு மாடும் நல்லாத்தான கறக்குது?" என்று கேட்டார்.

"பாதிய ஓட்டலுக்கு ஊத்திட்டேன்."

"ஏன், இங்க ஊத்துனா வாரம் வரிக்கும் பொறுக்க முடியலியா? ஒடனே காசு இன்னாத்துக்கு?"

அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அழைப்பு இல்லை. அந்தப் பேண்டு வாத்தியம். இன்னும் ஆட வரவில்லையே என்று விளையாட்டே கூப்பிடுகிற சத்தம். வரிசையில் இருந்த எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

தம்பி அக்காவை நிமிர்ந்து பார்த்தான். "நீதானக்கா ஒம்போது குடுத்த."

அக்கா கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த கேனு," என்றார். அன்றைக்கு மற்றவர்களுக்கு அவர் சொன்ன நம்பர் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் மோட்டார் கொட்டாயில் ஸ்டார்ட்டர் கருகிவிட்டது என்று தம்பி என்னைக் கூப்பிட்டிருந்தான். நான் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா வரப்பில் வந்தார். அவனுக்கு எதிரில், குழாய்த் தொட்டிக் கட்டையில் உட்கார்ந்தார்.

"ஆடு. நான் பாக்கணும்."

அவன் முதலில் முறைத்தான். அப்புறம் ஆடினான். அக்கா போனைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தொட்டிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அக்கா எழுந்து போனதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

நான் சாமான் பையோடு பின்னால் நடந்தேன். அக்கா திரும்பாமலே பேசினார்.

"கோமாளி ரெண்டு வந்து, மூணாவது கொஞ்சம் கீழ எறங்கி நின்னா, தோத்த மாதிரியே இவனுக்குத் தெரியல, லைட்டு. ஜெயிக்க இத்தினூண்டுதான் பாக்கின்னு நெனச்சிக்கிறான். மூஞ்சே மாறுது."

நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

"கேன அடி வரிக்கும் கலக்கிட்டுத்தான் மொள்ளணும். மேலாக மொண்டா ஆடைதான் வரும். மீட்டரு பொய் சொல்லும். நான் மேலாக மொண்டு பாத்துட்டேன். அவங்க ரொப்பின காசுல ஆடுனேன். எனக்கு ஒண்ணும் போவல. போனா எப்பிடி இருக்கும்னு பாக்காமலே மார்க்கு போட்டுட்டேன்."

சீரியல் பல்பு வாங்க நான் டவுனுக்குப் போகிற நாளில் அவரும் என் வண்டியில் மூலக்குளம் வந்தார். மாடிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் கதவோரம் நின்றேன். அங்கே வேலை பார்த்த அந்தப் பெண் ஓடிவந்து நாற்காலி போட்டது.

"அந்தத் திருவிழா வெளையாட்டுக்கு நான் சொன்ன ஒம்போத எடுத்துடும்மா."

"அது அப்பவே அனுப்பியாச்சேக்கா. இப்ப எடுக்க முடியாது," என்றது அந்தப் பெண். "பாக்க எப்பிடி இருக்குது, ஆட சொலபமா இருக்குதான்னுதான் கேட்டாங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. உங்க மேல ஒண்ணும் தப்பில்லக்கா." சொல்லும்போது அதன் முகமும் சரியாக இல்லை.

அக்கா ஆபீஸ் போனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. வண்டி வில்லியனூர் தாண்டியது. பிறகு என் முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"போட்டது போட்டதுன்னு எவ சொன்னா? நான்தான சொன்னேன்? அப்ப மாத்தவும் நானே மாத்தலாம்."

அன்று சாயங்காலம் சொசைட்டியில் ஒவ்வொரு கேனுக்கும் நம்பர் சொல்லும்போது கூட ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். "இருவத்தேழு. அந்தத் திருவிழா வெளையாட்டுக்குச் சைபர்." அடுத்த கேன். "இருவத்தொம்போது. வெளையாட்டுக்குச் சைபர்."

"இன்னாம்மா, மார்க்க மாத்த மாட்டேன்னுவியே?" என்றார் அந்தப் பெரியவர்.

"கலக்காம போட்டது பெரியப்பா. செல்லாது. எம்மேல தப்பு. உம்பேரன்கிட்டயும் சொல்லிடு."

காலையும் சாயங்காலமும் இதே பாட்டு. ஊரில் சிலர் கிண்டல் பண்ணினார்கள். எங்காவது அவரைப் பார்த்தால், "அக்கா, சைபர்!" என்பார்கள். "ஆமாண்டா, சைபர்தான்," என்று சொல்லிக்கொண்டே போவார். எனக்குத்தான் அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

தம்பி நிறுத்தவில்லை. சொசைட்டிக்கு அவன் வருவதில்லை. அவன் மனைவிதான் கேன் கொண்டுவந்தது. அந்தக் கேனை அக்கா நன்றாகக் கலக்கி, மொண்டு, மீட்டரை விடுவார். நம்பர் சொல்கிறவரைக்கும் அந்தப் பெண் மூச்சு விடாது. இன்னொருமுறை இருபது வந்தால் அந்த வீட்டுக்குப் பால் காசு இல்லை. அக்கா தம்பிக்காக நம்பரைக் கூட்டிச் சொல்ல மாட்டார் என்று அதற்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இருபத்தைந்து, இருபத்தாறு என்று ஓரமாகவே வந்துகொண்டிருந்தது.

முன்பு மூலக்குளம் போய்வந்த மதிய வேளையில் அக்கா இப்போது மோட்டார் கொட்டாய்க்குப் போக ஆரம்பித்தார். நான் ஸ்டார்ட்டர் வேலையை முடிக்க இரண்டு மூன்று நாள் போகவேண்டியிருந்ததால் இதைக் கண்ணால் பார்த்தேன். தம்பி பட்டனைத் தொடுவான். கட்டங்கள் சுற்றி நிற்கும். சொசைட்டியில் சொல்கிற அதே குரலில் அக்கா சொல்வார்.

"சைபர்."

மறுபடியும் தொடுவான்.

"சைபர்."

"யக்கா, சும்மா இரு."

"நீ ஆடு. நான் எவ்வேலயப் பாக்கறேன். சைபர்."

ஒருமுறை வாணவேடிக்கை வெடித்தது. அவன் போனை அவர் முகத்துக்கு நேரே காட்டினான். "வந்திச்சி பாரு! இதுக்கு எத்தினி? சொல்லு!"

"அதுக்கும் சைபர்தான்."

அவன் கோபத்தில் எழுந்து கரும்புக்குள் போனான். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனார். காய்ந்த கரும்புச் சோகையெல்லாம் சரசரத்தது. ஆள் தெரியவில்லை. உள்ளேயிருந்து வாத்தியச் சத்தம் வந்தது, நின்றது. "சைபர்" என்று கேட்டது. கொஞ்சம் தள்ளி மறுபடியும் வாத்தியம், மறுபடியும் "சைபர்." எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு உள்ளேயிருந்து அவன் கத்தினான். "உனக்கு வேற வேலயே இல்லியாக்கா?" அதற்கு அக்கா, "இருந்திச்சி. வுட்டுட்டு வந்தேன்," என்றார். அதற்கப்புறம் வெகுநேரம் வாத்தியம் கேட்கவில்லை.

இது எவ்வளவு நாள் நடந்தது என்று நான் எண்ணவில்லை. கரும்பு வெட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு மதியம் ஸ்டார்ட்டரைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அக்கா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பி மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தான். ஒரு பாத்திக்குத் திருப்பினான், அடுத்த பாத்திக்குத் திருப்பினான், கை கழுவினான். மேல்சட்டை கொட்டாய் ஆணியில் தொங்கியது. அதன் பையில் போன் வாத்தியம் அடித்துக் கூப்பிட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஒரு கால் எடுத்து வைத்தான். பிறகு அங்கேயே வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். வாத்தியம் அடித்து ஓய்ந்தது.

தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவன்தான் பேசினான்.

"இன்னாக்கா, இன்னிக்கி மார்க்கு இல்லியா?"

"நீ ஆடுனாத்தான மார்க்கு?"

"ஆடலியே. அதுக்கு எத்தினி?"

அக்கா அவன் முகத்தையே பார்த்தார். அன்றைக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை. நான் மனசுக்குள், ஒரு எட்டாவது போடுங்கக்கா என்று நினைத்தேன். அவன் கண்ணும் அதைத்தான் கேட்டது. அக்கா எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"ஒரு நாளப் பாத்துப் போட மாட்டேன்டா. நாளிக்கும் வரேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு, ஈர மண்ணை விரலால் கிள்ளிக்கொண்டே சொன்னான்.

"வாக்கா."